இது என்ன கலரும்மா?

கிள்ளானில் எங்கள் வீட்டு முன்னறைதான் அம்மாவின் தையற்கடை. முப்பது ஆண்டுகளாக ரவிக்கை தைக்கிறார். சென்ற ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்தது. பத்து நாளில் வீடு திரும்பினார். கைகால் சுகம், பேச்சிலும் தடுமாற்றமில்லை. வலப்பக்கம் வருகிற ஆள் மட்டும் தெரிவதில்லை.

ஒரு நாள் நூல்கண்டு ஒன்றைக் காட்டி, "இது என்ன கலரும்மா?" என்றேன். "சிவப்பு" என்றார். அது ஊதா.

பயந்துவிட்டேன். ஆனால் அதே கண்டை ஊதாத் துணியின்மேல் வைத்துப் பார்த்து, "இது கொஞ்சம் டார்க்கு, பக்கத்துக் கண்டை எடு" என்கிறார்! எடுத்தால் அச்சாகப் பொருந்துகிறது. "கத்தரிக்காய் என்ன நிறம்?" என்று கேட்டால், "ஊதா, இதுகூடவா தெரியாது?" என்று பட்டென்று பதில்.

நரம்பியல் மருத்துவர் படம் வரைந்து விளக்கினார். இடக்கண் வலமூளைக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில், இரு கண்களுக்கும் இடப்பக்கம் தெரிவதெல்லாம் மூளையின் வலப்பாதிக்குப் போகிறது. வலப்பக்கம் தெரிவது இடப்பாதிக்கு. நிறத்தைப் பிரித்தறியும் பகுதி இரண்டு பாதியிலும் உண்டு. மொழிக்கான பகுதியோ பெரும்பாலோருக்கு இடப்பாதியில். அம்மாவுக்குப் பாதிப்பு இடப்பாதியின் பின்புறத்திலும், இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தின் பின்முனையிலும். வலப்பாதி நிறத்தைச் சரியாகவே பார்க்கிறது. பார்த்ததைச் சொல்லிடம் கொண்டுசேர்க்கப் பாதையில்லை. கத்தரிக்காய்க் கேள்வி காதில் விழுவது. அதற்குப் பதில் சொல்ல அந்தப் பாலம் வேண்டியதில்லை.

1966-இல் கெஷ்விண்ட், ஃபுசிலோ என்ற அமெரிக்க மருத்துவர்கள் இதே நிலையில் இருந்த ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அவரும் நிறங்களை இனம் பிரித்தார். பெயர் சொல்லத்தான் முடியவில்லை. எழுதினார், படிக்க முடியவில்லை. அம்மாவும் அளவு நோட்டில் தன் கைப்பட எழுதியதை என்னிடம் நீட்டிப் படிக்கச் சொல்கிறார்.

வானொலியில் பேசுகிறவள் நான். 'மயில் நீலம்' என்று சொன்னால் கேட்பவர் மனத்தில் மயில் நீலம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அம்மாவிடம் அது செல்லவில்லை. "மயில் நீலம் எடும்மா" என்றால் கை நூல்பெட்டிமேல் அப்படியே நிற்கிறது.

தொலைபேசியில் நிறம் சொல்லி ஆர்டர் கொடுப்பவர்களில் சிலர் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். மற்றவர்களிடம் அம்மா இப்போது ஒரே வார்த்தைதான் சொல்கிறார்: "துணியைக் கொண்டு வாங்க."

போன வாரம் நாலு பேர் கொண்டுவந்தார்கள்.