குஞ்சுக் கொட்டகையில் கரி அடுப்பு: காற்று வர ஒரு குழாய், புகை போக ஒரு குழாய்

மார்கழி, தை மாதங்களில் கறிக்கோழிக் குஞ்சு இறக்கினால் முதல் வாரம் பண்ணையாளருக்குத் தூக்கம் கிடையாது. ஒருநாள் வயதுக் குஞ்சுக்கு அது நிற்கும் உயரத்தில் சுமார் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். குளிர் இரவில் பல்பு மட்டும் போதாது, கரண்டையும் நம்ப முடியாது. அதனால் பலர் பழைய டிரம்மிலோ மண்சட்டியிலோ மரக்கரியை மூட்டி, படுதாவை நான்கு புறமும் இழுத்துக் கட்டிவிட்டு, அங்கேயே கட்டில் போட்டுப் படுக்கிறார்கள்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது. விறகுப் புகையாவது கண்ணை எரித்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கரி கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக அது இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி என்று தெரியும். தூங்குபவர் எழாமலே போகலாம். குஞ்சுகளும் தப்பாது. முதல் வாரத்தில் ஆக்சிஜன் குறைந்தால், பிழைத்தவற்றிலும் சில பின்னாளில் வயிற்றில் நீர் கோத்துச் சாகும்.

இதற்குத் தீர்வு, அடுப்பு கொட்டகைக் காற்றைத் தொடாமல் எரிவதுதான். மூடியும் கதவும் இறுக்கமாகப் பொருந்தும் இரும்பு டிரம் அடுப்பை வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளுங்கள். கரி கிடக்கும் கம்பித்தட்டுக்குக் கீழே காற்றுக் குழாய், டிரம்மின் தலையில் புகைக் குழாய். இரண்டும் வெளியே போக வேண்டும்.

புகைக் குழாய்க்கு 6 அங்குல இரும்புக் குழாய் வையுங்கள். மிச்சமாகக் கிடக்கும் பி.வி.சி. குழாயை மாட்டிவிடாதீர்கள், உருகிவிடும். அடுப்பை ஒட்டிய பகுதியில் ஜி.ஐ. தகரமும் வேண்டாம், அதிகச் சூட்டில் துத்தநாகப் பூச்சு நச்சுப் புகை விடும். படுக்கையாகப் போகும் குழாய் அடிக்குக் கால் அங்குலமாவது மேல்நோக்கி ஏற வேண்டும். வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம். இணைப்பில் மேல் குழாயின் முனை கீழ்க் குழாய்க்குள் இறங்கியிருந்தால் கரிநீர் வெளியே ஒழுகாது. ஒவ்வோர் இணைப்பிலும் மூன்று திருகாணி போடுங்கள்.

கீற்றுக் கொட்டகையாக இருந்தால் கூரையைத் துளைக்கவே கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையையும் துளைக்காதீர்கள், அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. பக்கச் சுவர் வழியாக வெளியே எடுத்து, சுவரை விட்டுத் தள்ளி நிமிர்த்துங்கள். கீற்று, மூங்கில், படுதா எதுவானாலும் குழாயிலிருந்து ஒன்றரை அடி தள்ளி இருக்கட்டும். குழாயின் வாய், பத்தடிச் சுற்றில் உள்ள கூரையைவிட 2 அடி உயரத்தில் இருக்க வேண்டும். மழைக்கு ஒரு தொப்பி.

காற்றுக் குழாயைப் பலர் வீண்செலவு என்று விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் குஞ்சு சுவாசிக்கும் காற்றைத்தான் அடுப்பு இழுக்கும். இதன் வாயைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், புகை வாய்க்கு எதிர்ப்புறச் சுவரில் வைத்து, எலி புகாமல் கம்பிவலை கட்டுங்கள். தணலைக் குறைக்கும் தகட்டை இந்தக் குழாயில்தான் பொருத்த வேண்டும். புகைக் குழாயை அடைத்தால் வாயு உள்ளேதான் திரும்பும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் உள்ளவர்கள் கவனியுங்கள். படுதா இறுகியிருக்கும்போது அது ஓடினால், புகைக் குழாயிலிருந்தே காற்றைத் திருப்பி இழுத்துவிடும். அடுப்பு எரியும்போது அதை நிறுத்துங்கள். குழாய் வைத்தாலும் படுதாவின் மேல்பக்கம் ஓரடி இடைவெளி இருக்கட்டும், அம்மோனியா வெளியேற அது வேண்டும்.

அடுப்பின் அடியில் உமியை ஒதுக்கிச் செங்கல் பரப்பி, சுற்றிலும் வலை கட்டுங்கள். குஞ்சு வருவதற்கு முந்தைய நாள் பகலில் மூட்டிப் பாருங்கள். கதவு இடுக்கிலும் ஒவ்வோர் இணைப்பிலும் ஊதுபத்தியைக் காட்டினால் அதன் புகை உள்ளே இழுபட வேண்டும். வெளியே தள்ளினால் எங்கோ அடைப்பு அல்லது ஏற்றம் போதாது. ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும் குழாயைக் கழற்றித் தட்டிக் கரியை எடுங்கள்.

இத்தனை செய்தாலும் கட்டிலை வெளியே போடுங்கள். யாராவது உள்ளே மயங்கிக் கிடந்தால் தனியாக ஓடி நுழையாதீர்கள். முதலில் வெளியிலிருந்தே படுதாவை அவிழ்த்துவிட்டு, ஆளைக் கூப்பிட்டு, அவரை வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்து 108-ஐ அழையுங்கள்.