தீபாவளிக்குப் பூசிய வண்ணம் உகாதிக்குள் உப்புவது ஏன்?

பண்டிகைக்கு முன் வீட்டிற்கு வண்ணம் பூசுவது நம்மவர் வழக்கம். பெங்களூருவில் அவ்வழக்கத்திற்கு ஓர் இடர் உண்டு. செப்டம்பர், அக்டோபர் ஆகிய இரு மாதங்களில் மட்டும் இந்நகரில் சராசரியாக ஏறத்தாழ 400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஜனவரியும் பிப்ரவரியும் சேர்ந்தாலோ 10 மில்லிமீட்டர் அளவே. ஆண்டிலேயே சுவர்கள் மிகுந்த ஈரமாக இருக்கும் நாள்களில் பூசப்படும் வண்ணம், சில மாதங்களில் கொப்புளமாக உப்பி, காரையோடு பெயர்ந்து விழுகிறது. பழி பெரும்பாலும் பெயிண்டர்மீது விழுகிறது. அடுத்த ஆண்டு அதே இடத்தில் மீண்டும் செலவு.

செங்கல், மணல், சிமெண்ட் ஆகியவற்றில் கரையும் உப்புகள் சிறிதளவு உண்டு. சுவருக்குள் புகும் நீர் அவற்றைக் கரைத்து வெளிப்பரப்பிற்குக் கொண்டுவருகிறது. நீர் ஆவியாகும்போது உப்பு படிகமாகிப் பருக்கிறது. பூச்சைத் தள்ளிப் பொடியாக்குகிறது. மேலே இருக்கும் எமல்ஷன் வண்ணம் மெல்லிய படலமாதலால், ஈரம் எளிதில் வெளியேற இயலாமல் அதனை உப்பச் செய்கிறது. சுவரில் காணும் வெண்மையான தூள் இந்த உப்பே.

ஆகவே முதல் வேலை, நீர் எங்கிருந்து வருகிறது என்று அறிவது. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம்வரை கறை படர்ந்திருந்தால், நிலத்திலிருந்து ஏறும் ஓதம் எனக் கொள்ளலாம். வெளிப்புறத்தில் தோட்ட மண் சுவரோடு சாய்த்துக் குவிக்கப்பட்டிருந்தால், அதனை அகற்றுவதே பாதி மருந்து. கூரையை ஒட்டிய கறை மொட்டை மாடியையோ மேல்வீட்டுக் குளியலறையையோ சுட்டும். குளியலறையின் பின்சுவரில் மட்டும் கறை இருந்தால் குழாயை ஐயுறுக. தனி வீடாயின், இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிவு உண்டு.

ஐயம் நீங்காதவர்களுக்கு எளிய சோதனை ஒன்று: ஓரடிச் சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் ஒட்டி, நான்கு ஓரங்களையும் டேப்பால் அடைத்து, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் நீர் துளிர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறைப்பக்கம் துளிர்த்தால் காற்றோட்டக் குறைவே காரணம். சுவரைக் கொத்தத் தேவையில்லை.

கசிவை அடைத்த பின்னரே பழுதுபார்ப்பு. சுத்தியின் பிடியால் சுவரைத் தட்டினால், பிடிப்பற்ற இடம் வெற்றொலி எழுப்பும். அவ்விடத்தையும் அதனைச் சுற்றி ஓரடியையும் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுக்க வேண்டும். உப்பைக் கழுவக் கூடாது, கழுவினால் அது மீண்டும் சுவருக்குள் போகும். உலர்ந்த தூரிகையால் துடைத்து அள்ளுக. பிறகு சுவரைத் திறந்தபடியே சில வாரங்கள் விட்டுவைக்க வேண்டும். பலரும் அவசரப்படுவது இங்கேதான். கொத்தனாரின் அடுத்த வேலை காத்திருக்கிறது, விருந்தினர் வரவிருக்கின்றனர். சுவரோ எவருக்காகவும் விரைந்து உலர்வதில்லை.

உலர்ந்தபின் புதுப் பூச்சு, ஏழு நாள் நீர் தெளித்தல், பூச்சு முதிர ஏறத்தாழ நான்கு வாரம், பின்னர் பிரைமர், மெல்லிய பட்டி, மீண்டும் பிரைமர், வண்ணம். பூச்சு உறுதியாக இருந்து வண்ணம் மட்டும் உப்பியிருந்தால், சுரண்டி உப்புத்தாளால் தேய்த்துப் பிரைமரிலிருந்து தொடங்கினால் போதும்.

1898-ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பின் வளர்ந்த மல்லேசுவரம், பசவனகுடிப் பகுதிகளின் பழைய வீடுகள் சிலவற்றில் இன்றும் சுண்ணாம்புக் காரை காணப்படும். அது ஈரத்தை எளிதில் வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டும் எமல்ஷனும் பூசுவது அவ்வழியை அடைப்பதாகும். அங்கே சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையடிப்புமே தக்கவை.

இனிச் செலவைப் பற்றி. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' காப்பீடு, தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடிப்பதால், வழிவதால் ஏற்படும் சேதத்தை ஏற்கிறது. காலப்போக்கில் நேரும் தேய்மானத்தை ஏற்பதில்லை. எனவே குழாய் உடைந்த அன்றே படம் எடுத்துத் தெரிவிப்பது நன்று. சொந்தக் குடியிருப்பைப் பழுதுபார்க்கக் கடன் பெற்றோர், பழைய வரி முறையைத் தேர்ந்திருந்தால், அக்கடன் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய்வரை கழிவு கோரலாம்.

வாடகைதாரர்களுக்கும் ஒரு சொல். வீட்டைக் காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை வண்ணச் செலவாக முன்பணத்தில் கழிப்பது இந்நகரில் பரவலான வழக்கம். குடிபுகும் நாளிலேயே ஓதம் ஏறிய சுவர்களைத் தேதி தெரியும்படி படம் எடுத்து, உரிமையாளருக்கு அனுப்பி, ஒப்பந்தத்தோடு இணைத்துவையுங்கள்.