கட்டியில் கத்தி வைக்கும் முன்...

முதுகில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி. வலி கிடையாது, தொந்தரவு கிடையாது. பல வருஷமாக அப்படியே கிடக்கிறது. மகள் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்துவிடலாம் என்று அரூரிலிருந்து தருமபுரிக்கு பஸ் ஏறி வருகிறார் உங்கள் மாமா. சர்ஜன் தொட்டுப் பார்த்துவிட்டு, "முதல்ல ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்கிறார். மாமாவுக்கு எரிச்சல்!

"மேலேயே தெரியுற கட்டிக்கு எதுக்கு சார் ஸ்கேன்? நான் என்ன மாசமாவா இருக்கேன்?"

நியாயமான கேள்விதானே என்று உங்களுக்கும் தோன்றலாம். மரவள்ளிச் செடியை மேலே பார்த்துக் கிழங்கு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? கட்டியும் அப்படித்தான்!

அதே மெஷின், வேறு கருவி

வயிற்றை ஸ்கேன் செய்யும்போது சுமார் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் ஒலி அலைகளைப் பயன்படுத்துகிறார்கள். அவை ஆழமாகப் போகும். ஆனால் நுணுக்கம் குறைவு. தோலுக்கு 10, 15, அதற்கும் மேற்பட்ட மெகாஹெர்ட்ஸ் தேவை. ஆழம் போகாது; மேலே உள்ளதைத் தெளிவாகக் காட்டும். தோலின் கனத்தை இந்த ஒலி அலைகளால் அளக்கலாம் என்று 1979-லேயே காட்டிவிட்டார்கள். எக்ஸ்-ரே கதிர் கிடையாது. குழந்தைக்கும் எடுக்கலாம், கர்ப்பிணிக்கும் எடுக்கலாம்.

என்னென்ன தெரியும்?

உள்ளே இருப்பது கொழுப்பா, நீரா, சீழா, கெட்டிச் சதையா என்பது தெரியும். தோலோடு நிற்கிறதா, தசைக்குள் இறங்கியிருக்கிறதா என்பதும் தெரியும். டாப்ளர் என்ற வசதியால் ரத்த ஓட்டத்தையும் பார்க்கலாம். சாதாரணக் கட்டி என்று கீறி, அது ரத்தக்குழாய்க் கட்டியாக இருந்துவிட்டால்? ரத்தம் பீறிடும்!

சின்னக் குழந்தைக்கு மூக்கின் மேல், இரு புருவங்களுக்கு நடுவே கட்டி இருந்தால் இன்னும் கவனம் தேவை. சில சமயம் அது மூளையோடு தொடர்புள்ளதாக இருக்கும். அதற்கு எம்.ஆர்.ஐ. கூடத் தேவைப்படலாம்.

காட்டுவேலைக்குப் போகிறவர்கள் காலில் ஏறும் முள் இன்னொரு சங்கதி. வேலிக்காத்தான் முள் உள்ளே ஒடிந்து, மாசக்கணக்கில் வீங்கி வீங்கி வடியும். எக்ஸ்-ரேயில் முள்ளும் மரச்சிலாம்பும் பெரும்பாலும் தெரியாது. ஸ்கேனில் தெரியும். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் என்று தோல் மேல் பேனாவால் குறித்தே கொடுத்துவிடலாம். சர்ஜன் தேடித் துழாவ வேண்டியதில்லை.

கேன்சரைக் காட்டுமா?

சந்தேகத்தைக் காட்டும், முடிவைச் சொல்லாது. முடிவு சொல்வது பயாப்ஸிதான். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க" என்று பயாப்ஸியைத் தட்டிக் கழிக்காதீர்கள்.

5 சென்டிமீட்டருக்கு மேல் பெரிதான கட்டி, வேகமாக வளரும் கட்டி, ஆழத்தில் அசையாமல் நிற்கும் கட்டி, எடுத்த பிறகும் திரும்ப வரும் கட்டி - இவற்றை உடனே காட்டுங்கள். உள்ளங்காலில் புதிதாக வந்த கரும்புள்ளி, பழைய தீக்காயத் தழும்பில் ஆறாத புண் இரண்டையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

கொழுப்புக் கட்டிதானே என்று அவசரமாக வெட்டி, பிறகு அது தசைக் கேன்சர் என்று தெரியவந்தால், சுற்றியுள்ள நல்ல சதையிலும் நோய் அணுக்கள் சிந்தியிருக்கும். அப்புறம் இன்னும் பெரிய ஆபரேஷன்! இதைத் தவிர்க்கத்தான் முன்கூட்டியே ஸ்கேன்.

போகும்போது...

* பட்டினி வேண்டாம். தண்ணீர் குடித்து அடக்கவும் வேண்டாம்.
* சுண்ணாம்பு, மஞ்சள், பச்சிலை தடவிக்கொண்டு போகாதீர்கள்.
* "சதைக்கட்டி பார்க்கும் லீனியர் புரோப் இருக்கா?" என்று முதலிலேயே கேளுங்கள்.
* கட்டி எப்போது வந்தது, எப்படி வளர்ந்தது என்று சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட் இருந்தால் கொண்டு போங்கள்.

எல்லா மருவுக்கும் மச்சத்துக்கும் ஸ்கேன் தேவையா? இல்லவே இல்லை. பலவற்றை டாக்டர் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். அதற்காகத் தலைமுடியால் இறுக்கிக் கட்டுவது, ஊதுபத்தியால் சுடுவது போன்ற கைவைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம்!

சரி, மாமா விஷயத்துக்கு வருவோம். வெறும் கொழுப்பு, தசைக்கு மேலேயே நிற்கிறது என்று ரிப்போர்ட் வந்தால், பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து எடுத்துவிடலாம். அன்றே வீடு திரும்பி, கல்யாண வேலையைப் பார்க்கலாம். தசைக்குள் இறங்கியிருக்கிறது, ரத்த ஓட்டம் அதிகம் என்று வந்தால்? எம்.ஆர்.ஐ., பயாப்ஸி முடியும்வரை கத்தி வைக்கக் கூடாது. தேவைப்பட்டால் சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்கோ, பெங்களூரு கித்வாய்க்கோ போகச் சொல்வார்கள்.

எந்த வழி என்று தெரிந்துகொள்ள ஆகும் நேரம் கால் மணிதான். ஆகவே, "மேலேதானே இருக்கு, சும்மா கீறி எடுத்துடுங்க" என்று நீங்கள் டாக்டரை அவசரப்படுத்தாதீர்கள்!