அச்சம் குடிகொண்ட நெஞ்சுக்கு

“அடுத்த வீட்டார் சூனியம் வைத்துவிட்டார்கள், என் சோற்றில் நஞ்சு கலக்கிறார்கள்” என்று உங்கள் வாப்பா ஓயாது புலம்பினால் என்ன செய்வீர்கள், சகோதரியே?

பெரும்பாலோர் வாதாடுகின்றனர். வாதம் உங்களையும் அவருடைய பகைவர் கூட்டத்தில் சேர்த்துவிடும். “ஆமாம்” என்று தலையாட்டினாலோ ஐயம் வேரூன்றும். “எனக்கு அப்படித் தோன்றவில்லை, வாப்பா. ஆனால், நீங்கள் அஞ்சுவது புரிகிறது, நான் உடன் இருக்கிறேன்” என்று அமைதியாகக் கூறுங்கள். ஒரே சஹனில் அவரோடு அமர்ந்து உண்ணுங்கள். அவர் பார்க்கும்படி மூலையில் நின்று கிசுகிசுக்காதீர்கள். அதைவிட வேறு சான்று அவருக்கு வேண்டியதில்லை!

முதுமையில் திடீரெனத் தோன்றும் ஐயத்திற்குச் சிறுநீர்த் தொற்றோ மறதி நோயோ கூடக் காரணமாகலாம். ஆகவே மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். “மனநோய்” என்றால் வர மறுப்பவர், “உறக்கமில்லையே, அதற்குப் பார்ப்போம்” என்றால் பெரும்பாலும் இணங்குவார். குணம் தெரிந்ததும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

துஆவும் ஓதிப் பார்த்தலும் கூடாதென்று யார் சொன்னார்? மருத்துவம் செய்துகொள்ளப் பணித்தவர்களும் நம் நபி (ஸல்) அவர்களே. ஆனால் சங்கிலி வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பியோட இயலாது தவித்தனர். 28 உயிர்கள் பலியாயின. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை அடியோடு தடை செய்துள்ளது.

எங்குச் செல்வதெனத் தெரியாவிடில், 14416 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் இரவிலும் பகலிலும் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.