மாத்திரை டப்பாவின் மூடி சொன்னது

ரத்தப் புற்றுநோய் வந்த பதின்வயதுப் பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. பெரும்பாலும் வருடக்கணக்கில் கீமோ மாத்திரை விழுங்க வேண்டும். உடம்பு தேறியதுபோல இருக்கும்போது மாத்திரையை விட்டுவிடத் தோன்றும். விட்டால் நோய் திரும்பலாம்.

அமெரிக்காவின் ஹோப்லேப் என்ற அமைப்பு இதற்காகவே ஒரு வீடியோ கேமை உருவாக்கியது. பெயர் 'ரீ-மிஷன்'. ராக்ஸி என்ற நானோ ரோபோ நோயாளியின் உடம்புக்குள் பறந்து போய்ப் புற்றுநோய்ச் செல்களைச் சுடுவாள், கிருமித் தொற்றோடு மோதுவாள். அவளை ஓட்டுவது, அதே நோயோடு போராடும் பிள்ளை.

விளையாட்டைவிட என்னைக் கவர்ந்தது, அதைச் சோதித்த விதம். 2004, 2005 ஆண்டுகளில் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவிலுள்ள 34 மருத்துவ மையங்களில், 13 முதல் 29 வயது வரையிலான 375 நோயாளிகளைச் சேர்த்தார்கள். ஒரு பிரிவுக்குக் கடையில் விற்கும் ஒரு சாகச விளையாட்டு மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு ரீ-மிஷனும். வெறுமனே விளையாடியதால் வந்த உற்சாகத்தை ரீ-மிஷனின் மகிமை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா? அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மூன்று மாதம் பின்தொடர்ந்தார்கள். "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?" என்று கேட்டபோது இரு பிரிவின் பதில்களிலும் வித்தியாசமே தெரியவில்லை. கேள்வித்தாளோடு நிறுத்தியிருந்தால் ரீ-மிஷன் வீண் என்றே முடிவாகியிருக்கும். ஆனால் கிருமித் தொற்றைத் தடுக்கக் கொடுத்த ஆண்டிபயாடிக் மாத்திரையின் டப்பா எப்போது திறக்கப்பட்டது என்பதை ஒரு மின்னணு மூடி குறித்துக்கொண்டே இருந்தது. கீமோ மாத்திரை உள்ளே போனதா என்பதை ரத்தப் பரிசோதனை காட்டியது. இரண்டிலும் ரீ-மிஷன் ஆடியவர்கள் முந்தியிருந்தார்கள். நோயைப் பற்றிய அறிவும், சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கையும்கூட அவர்களிடம் கூடியிருந்தன. ஆனால் மன அழுத்தம் குறையவில்லை. அதையும் மறைக்காமல் 2008-இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் எழுதினார்கள்.

'விளையாடிக்கொண்டே கற்கலாம்' என்று இன்று நம் வீடுகளுக்குள் வரும் ஆப்களிடம் நான் எதிர்பார்ப்பது இந்தச் சோதனையைத்தான். நட்சத்திர மதிப்பெண்ணும் பெற்றோரின் பாராட்டும் குழந்தை ரசித்ததைச் சொல்லும். கற்றதைச் சொல்லாது.

பிறகு 2012-இல் மூளை ஸ்கேன் வழியாக இன்னொரு ஆய்வு வந்தது. ரீ-மிஷனைத் தாங்களே ஆடியவர்களின் மூளையில், உந்துதலோடு தொடர்புடைய பகுதிகள் விழித்துக்கொண்டன. இன்னொருவர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவர்களிடம் அந்த அளவுக்கு இல்லை. அடுத்த ஆண்டே 'ரீ-மிஷன் 2' என்ற பெயரில் ஆறு சிறு விளையாட்டுகள் இலவசமாக வெளிவந்தன.