வெறும் வயிறு ஏன் ‘கடமுடா’ என்கிறது?

மாங்காடு காமாட்சி அம்மன் கோயில், வெள்ளிக்கிழமை வரிசை. கையில் எலுமிச்சம்பழம், வயிற்றில் ஒன்றுமில்லை. திடீரென்று ‘கடமுடா’. முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்க்கிறார். வெறும் பசிக் கூப்பாடா?

வயிற்றைத் துடைப்பம் போட்டுப் பெருக்கும் சத்தமும்தான்! வயிறு காலியாக இருக்கையில், சிறுகுடலின் மேற்பகுதி ‘மோட்டிலின்’ ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. 22 அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி அது. ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் அளவு ஏறும். உடனே இரைப்பையில் கிளம்பும் சுருக்க அலை, மிச்சம்மீதியைக் குடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும். வழியில் காற்றும் நீரும் நசுங்கும் ஓசையே அந்தக் கடமுடா.

சாப்பிட்டதும் துடைப்பம் மூலைக்குப் போய்விடும். இரைப்பை மந்தமானவர்களுக்கு எரித்ரோமைசின் மருந்து கொடுப்பதும் இந்தச் சுருக்க அலைக்காகத்தான்: அது மோட்டிலினின் பூட்டைத் திறக்கும் கள்ளச்சாவி.