மலைக்குடியும் மின்திரையும் – 6: அலட்டிக்கொள்ளாதவர்கள்

போன வாரம், வட அமெரிக்கப் பழங்குடியான மோஹாக் இனத்து ஓவியர் ஸ்கவெனாட்டியிடம் நிறுத்தியிருந்தோம். 1997-இல் இணையத்தில் 'சைபர் பவ்வாவ்' என்ற கலைக்களத்தைத் தொடங்கியவர். மீதியை மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் அவருடைய 'டைம் டிராவலர்' படங்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். குறுக்கே பீட்டர் கார்ட்னர் வந்துவிட்டார்.

கார்ட்னர் அமெரிக்க மானிடவியலாளர். 1962 முதல் 64 வரை நம் தென்மலைகளில் பளியர்களிடையே தங்கி ஆய்வு செய்தவர். 1966-இல் வந்த ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் ஒன்று சொல்கிறார். பளியர் எப்போதுமே பேச்சுக் குறைவு, நாற்பது வயதோடு அதுவும் ஏறக்குறைய நின்றுபோகும், வளவளவென்று பேசுகிறவனை அவர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள் என்கிறார்.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. வருசநாட்டிலும் மேகமலையிலும் கூடலூர் மலையடிவாரத்திலும் நம் பக்கத்திலேயே இருக்கிற சனம். அவர்கள் வாழ்க்கையில் முதல் மரியாதை, அடுத்தவன் மேல் ஏறி நிற்காமல் இருப்பது என்கிறார் கார்ட்னர். போட்டி ஆகாது. அதட்டி வேலை வாங்கத் தலைவர் கிடையாது. சண்டை முற்றுகிற மாதிரி தெரிந்தால் ஒருவர் எழுந்து வேறு பக்கம் போய்விடுவார், அதோடு சரி. வெளியூர்க்காரர் ஒருவர் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தால் யார்தான் வாயைத் திறப்பார்கள் என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. அதைக் கழித்துக்கொண்டாலும் மிச்சம் கனமாகத்தான் இருக்கிறது.

இப்போது பளியர் கைகளுக்கும் செல்போன் வந்துவிட்டது. அது கேட்பதெல்லாம் அவர்கள் வழக்கத்துக்கு நேரெதிர்: முகத்தைக் காட்டு, சத்தமாகப் பேசு, லைக்கை எண்ணு. சித்ரா பௌர்ணமியன்று பளியன்குடி வழியாகக் கண்ணகி கோயிலுக்கு ஏறுகிற கூட்டத்தைப் பாருங்கள், நடப்பதைவிட செல்ஃபி எடுப்பதுதான் அதிகம். அடிவாரத்து டீக்கடையில் மலைக்காரத் தம்பி ஒருவன் தன் போனைக் காட்டினான். தேனடை, பாறையில் கட்டிய கயிற்று முடிச்சு, புகை மூட்டம், மறுபடி தேனடை. "ஒன் படம் ஒண்ணுகூட இல்லையேப்பா?" என்றேன். "நான் எதுக்குண்ணே அதுல?" என்று போனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஒரு பையனை வைத்து ஒரு குடியையே எடைபோடக் கூடாதுதான். ஆனால் அந்த முடிச்சுப் படம் நல்ல படம்.

ஸ்கவெனாட்டியை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் இதனால்தான்: திரை கேட்கிறபடி ஆடாமல், தங்களுக்கேற்ற இடத்தைத் தானே கட்டியவர் அவர். சைபர் பவ்வாவுக்காக 'பேலஸ்' என்ற அரட்டை மென்பொருளில் அவரும் நண்பர்களும் தாங்களே படம் போட்டு அறைகள் கட்டினார்கள். தனியாக வீட்டிலிருந்து பார்த்தால் போதும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. ஊர் ஊராகக் கலைக்கூடங்களில் கம்ப்யூட்டர்களை வைத்து, ஆட்களை வரவழைத்து, சாப்பாட்டோடு சேர்ந்து உட்கார்ந்து பார்க்கவைத்தார்கள். 2004 வரை அது நடந்தது. இன்றைய ஆப்புகள் எதிலும் அப்படி ஒரு திண்ணை இல்லை. பளியர் பிள்ளைகள் திரையில் ஓர் இடம் கட்டினால், இன்ஸ்டாகிராமைவிட அந்த அறைகளின் சாயல்தான் அதில் இருக்கும் என்பது என் கணிப்பு.

ஆசிரியர் போன் அடித்துக்கொண்டே இருக்கிறார். 'டைம் டிராவலர்' நாயகன் ஹண்டர் 2121-இல் வாழ்கிறவன், இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கொள்வான். அவனோடு சேர்த்து, வேங்கைப் பிசினில் வண்ணம் எடுக்கிற நீலகிரிக் குறும்பர் ஓவியங்களையும் அடுத்த வாரம் பார்த்துவிடலாம். அதற்குள் பளியர் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், கார்ட்னர் சொன்னது சரிதானா என்று எங்களுக்கு எழுதுங்கள். ஒரு வரி போதும்.